அப்பா கொண்டுபோன ரெண்டு நூல்

தேனிக்குப் போய் நகையோ செருப்போ வாங்குவதென்றால் எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான் பஸ் ஏறுவார். "அங்கன கூட்டத்துல உங்களையும் இழுத்துக்கிட்டு அலைய முடியாது" என்பார். அதனால் நாங்கள் எங்கள் ஊர் தேவாரத்திலேயே இருப்போம், எங்கள் அளவுநூல் மட்டும் அவர் சட்டைப்பையில் போகும்.

அந்தத் தடவை ரெண்டு நூல். ஒன்று, அக்காவின் நிச்சயத்துக்குக் கொலுசு வாங்க அவள் கணுக்காலைச் சுற்றி அம்மா அளந்தது. இன்னொன்று என் பாதத்தின் நீளம், ஷூவுக்கு. சனிக்கிழமை மாவட்டப் போட்டியில் எனக்கு எண்ணூறு மீட்டர். அதுவரை வெறுங்காலில் ஓடியவள் நான். விளையாட்டு டீச்சர் கொடுத்த சிடியில் ஓட்டக்காரப் பெண் ஒருத்தியைப் பற்றிய சினிமாப் படம் இருந்தது. அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அப்பா, "ஆத்தா, ஒனக்கும் அந்தப் புள்ள போட்டிருக்க மாதிரி ஷூ வாங்கிருவோம்" என்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பை வந்தது. வெள்ளை ஷூ, ஓரத்தில் நீலக்கோடு. காலை விட்டால் முன்னால் ரெண்டு விரல் இடம்! கொலுசோ அக்கா காலில் கொக்கி எட்டவே இல்லை. மனுசன் கடையில் நூலை மாற்றிக் கொடுத்திருக்கிறார். துணி திணித்துப் பார்த்தேன், நாலு எட்டில் கழன்றது. வீடே அதிர அழுதேன்.

"ஏன்டி ஊரைக் கூட்டுற? நாளைக்கே ரெண்டையும் மாத்திட்டு வந்துர்றேன். அடியில மண்ணு படாம இருந்தா மாத்தித் தாரோம்னு கடைக்காரக சொல்லித்தான் குடுத்தாக" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை விடியும்போது முழித்தால் ஷூ பெட்டி காலி. பக்கத்தில் படுத்திருந்த அக்காவையும் காணோம். பின்வாசல் வழியாகப் போனேன். தென்னந்தோப்பு ஓரத்து வண்டிப்பாதையில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். என் ஷூ அவள் காலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வயசுக்கு வந்த அன்றோடு அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அப்போது எங்கள் வீட்டில் யாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டேன். அடிப்பாவி, என்னைவிட வேகம்! எனக்கு வயிறு எரிந்தது. பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் அப்பா பெட்டியைத் திறந்தார். அக்கா கழுவித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் அடியில் கல் கீறிய தடம், இடுக்கில் செம்மண்.

"எந்தக் கழுதைடி இதைப் போட்டு ஓடுனது?"

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கல்யாணப்பெண் தோப்பில் ஓடினாள் என்று தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

"நான்தாம்ப்பா. ஆசை பொறுக்கல" என்றேன்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டு கொலுசை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை வெறுங்காலில்தான் ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். வீட்டுக்கு வந்ததும், ஷூ இருந்திருந்தால் என்று எல்லாரும் ஆளாளுக்குப் பேசினார்கள், எனக்கும் ஆற்றாமைதான். அவர்கள் பேசி ஓய்ந்த பிறகு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல வந்தவ எப்படிடி ஓடுனா?"

"ஒன்னயவிட மெதுவாத்தாங்க்கா" என்றேன்.