நிரஞ்சினியின் தலையாட்டல்

நிரஞ்சினிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடம், இன்னும் தற்காலிக விசாதான். கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் டூங்கபி ஊர் மண்டபத்தில், பல நாடுகளிலிருந்தும் புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவாள். பிந்தி வருகிறவர்கள் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

தாதியர் பயிற்சிக்கு அந்த வகுப்பிலிருந்து ஒருவரைப் பரிந்துரைக்கலாம். திங்கட்கிழமை கடைசி நாள். நிரஞ்சினி மனதில் வைத்திருந்தது கிரிபாஸ் என்ற குட்டித் தீவு நாட்டிலிருந்து வந்த பதினேழு வயது மெரேயை.

"உனக்கு விருப்பமா?" என்று கேட்டாள். மெரே புருவத்தை உயர்த்தினாள், அவ்வளவுதான். மறுபடி கேட்டபோதும் அதே புருவம். நக்கல் என்று நினைத்த நிரஞ்சினி, "வாய் திறக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போ" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டாள்.

பின்னேரம் மெரேயின் தாய் வந்து, மகளை மறுபடி சேர்ப்பீர்களா என்று கேட்டாள். இரக்கப்பட்ட நிரஞ்சினி, நாம் எல்லோரும் சரி சொல்வதுபோல, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். தாய் பேசாமல் போய்விட்டாள். நன்றிகூடச் சொல்லத் தெரியாத சனம் என்று நிரஞ்சினிக்கு அதற்கும் கோபம்.

மறுநாள் வேலையில் கிரிஜாவிடம் இதைச் சொல்லிப் பொருமினாள். கிரிபாஸ் பெண்களோடு பல வருடம் வேலை செய்தவள் கிரிஜா.

"அக்கா, அவைக்குப் புருவம் தூக்கினா ஓம். தலையை அப்பிடி ஆட்டினா இல்லை."

நிரஞ்சினிக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. "அப்ப பிள்ளை ரெண்டு தரம் ஓம் எண்டிருக்கிறாள். நான்தான் இல்லை எண்டனான்."

மெரே வீட்டில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் பயிற்சி விண்ணப்பத்தோடு, அவர்கள் இருக்கும் மவுண்ட் ட்ரூயிட்டுக்கு ரயில் ஏறினாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து, அவர்களின் தேவாலயத்துக்கே போய்விட்டாள். பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "பிழை என்னுடையது" என்றாள்.

"நாளைக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள்" என்றாள் தாய். "நீங்கள் வேண்டாம் என்றீர்களே."

"நான் சரி என்றுதான் சொன்னேன். எங்கள் ஆட்கள் சொல்கிற விதம் அது." நிரஞ்சினி சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கி விண்ணப்பத்தை மேசையில் விரித்தாள். "இவள் எழுதாமல் நான் இங்கிருந்து போகமாட்டேன்."

"இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூரம் வந்தீர்கள்?"

"இதே படிப்புக்கு நானும் கேட்டேன். விசாவைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அப்போது என்னைத் தேடி ஒருத்தரும் வரவில்லை."

தாய் மகளின் கையில் பேனாவைக் கொடுத்தாள்.