பக்கத்துப் பலகை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதுகு வலிக்காத நாள் எது என்று கேட்டால், அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் குனிந்து கிரீஸ் பூசுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையாவது கட்டிலில் கிடக்கலாம் அல்லவா? மாட்டார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய், பாய் விரித்துக் குப்புறப் படுத்து, தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால் நிற்கும் பலகையைச் சுடுவார். இருபது வருடப் பைத்தியம் இது. ஒரு தடவைகூட கிளப் அணியில் இடம் கிடைத்ததில்லை.

"இதான் கடைசி வருஷம். கண்ணு மங்குது. இந்தத் தடவையும் எடுக்கலேன்னா துப்பாக்கிய வித்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். போன வருடமும் இதைக் கேட்டவள் என்பதால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை அவர் நிஜமாகவே சலித்துப்போயிருந்தார்.

மனைவியின் தம்பிக்கும் இதே பைத்தியம்தான். சலவைக்கடை வைத்திருப்பவன்; இருவரும் ஒரே வாரத்தில் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சேர்ந்தவர்கள். தேர்வுப் போட்டியன்று இவருக்கு ஏழாம் பலகை, பக்கத்தில் அவனுக்கு எட்டாம் பலகை. அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். அதே இடத்துக்குப் போட்டியிட்டு முன்னமே சுட்டு முடித்திருந்த பல் டாக்டர் ஒருவரைத் தாண்ட வேண்டுமென்றால், இருவரில் யாருக்கானாலும் கடைசிக் குண்டு நட்டநடுவில் விழுந்தாக வேண்டும்.

காற்று மாறிக்கொண்டே இருந்தது. கடைசிக் குண்டுக்கு முன் மெக்கானிக் தலையைத் தூக்கிக் காற்றுக் கொடிகளை வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி துப்பாக்கியில் கன்னத்தை வைத்தார். தலையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் பலகையின் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும். முதல் நாள் பாடம் அது. அசதியில் பார்க்கவில்லை. குண்டு கிளம்பிய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது நடுவில்தான் என்று.

குண்டு பட்ட பலகையைக் கீழே இறக்கி, துளையைக் குறித்து மேலே ஏற்றுவார்கள்; ஏழாம் பலகை அசையவே இல்லை. எட்டாம் பலகைதான் கீழே இறங்கி, மேலே வந்தது. மச்சானும் அதே நொடியில் சுட்டிருந்ததால் அதில் இரண்டு துளைகள். ஒன்று ஓரத்தில், ஒன்று நட்டநடுவில்.

ஒரே பலகையில் இரண்டு விழுந்தால் எது யாருடையது என்று யாரும் ஆராய்வதில்லை. பலகைக்காரனுக்கே பெரிய மதிப்பெண். தப்பிச் சுட்டவனுக்குப் பூஜ்யம். நடுவர் அப்படியே அறிவித்தார். இடம் மச்சானுக்குப் போனது.

மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் மேல் எரிச்சல், அதைவிடத் தன் மேல். பாயைச் சுருட்டினார். மச்சான் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான்.

"மாமா, நடுவுல இருக்கிறது உங்க குண்டு. எனக்குக் கை ஆடிடுச்சு, எனக்கே தெரியும். இடம் வேணாம்னு போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சும்மா இரு மாப்ள. நீ வேணாம்னா டாக்டர் போவாரு."

"அதுக்காக? உங்களோடத நான் எப்படி எடுத்துக்கிறது?"

மெக்கானிக் சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபது வருஷத்துல நான் சுட்ட நல்ல குண்டு அது ஒண்ணுதான். என்னாலதான் போக முடியல. அதையாவது நீ கூட்டிட்டுப் போ."