கிடங்குக்கு வராத தக்காளி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு காலத்தில் பம்பு செட் செய்துகொண்டிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். பதினைந்து வருடமாக எனக்கு ஒரே வேலைதான். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது. அதை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், சம்பளம் கொடுப்பவர்களுக்கும் தெரியும். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று அவர் முதலில் தூக்கிப் போட்டது அதன் கையேட்டைத்தான்.

போன வருடம் என்னை எழுதுவதிலிருந்து எடுத்து, மற்றவர்கள் எழுதியதை மதிப்பிடும் வேலையில் போட்டார்கள். முதலில் வந்தது ஒரு பிளாக்செயின் கருவியின் கையேடு. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஏறும் பதிவேடு, எழுதினால் எழுதியதுதான். இந்தக் கருவியைப் பயன்படுத்தப் போவதும் மனிதர்கள் இல்லை. ஏஐ ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, தானே படித்துத் தானே வேலை செய்யும் மென்பொருள், அதுதான். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் இறங்கும் சரக்கை அது பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எப்படி ஏற்றுவது என்பதை இந்தக் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளும்.

மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். நான்காம் பக்கத்தில், ‘கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் இதை இயக்கவும்’ என்று ஒரு மாதிரிப் பதிவு. தக்காளி, நாற்பது பெட்டி, நல்ல நிலை. ஆனால் அதில் கொடுத்திருந்த முகவரி சோதனைப் பதிவேட்டுடையது இல்லை, உண்மையான பதிவேட்டுடையது. பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பினேன்.

மேலாளர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், குரல் உயர்த்தாத மனிதர். அதே கையேட்டை வேறொரு ஏஐயிடமும் மதிப்பிடக் கொடுத்திருந்தாராம். அது ஒன்பது போட்டு, எடுத்துக்காட்டுகள் மிகத் தெளிவாக இருப்பதாகப் பாராட்டியிருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. இதப் படிக்கப் போறது நீங்க இல்லீங்களே,” என்றார்.

என் மூன்றையும் அதன் ஒன்பதையும் சேர்த்துச் சராசரி ஆறு என்றார்கள். ஆறு எடுத்தால் தேர்ச்சி.

அடுத்த திங்கட்கிழமை, சோதனைப் பிரிவில் இருக்கும் ஒருவர், பக்கத்தில் பாடி ஊர்க்காரர், ஏஜென்டை ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து நின்றார். அதற்குள் கிடங்குக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

“அக்கா, அங்க லாரியே வர்லயாம். ஆனா நாப்பது பெட்டி தக்காளி எறங்கிச்சுன்னு எழுதி வச்சிகீது. நல்லா வேற கீதாம்.”

போய்ப் பார்த்தேன். ஏஜென்ட் மேல் ஒரு தவறும் இல்லை. முதலில் இயக்கு என்று இருந்தது, இயக்கிவிட்டது. ஒரு எழுத்து விடாமல் படித்து, சொன்னதை அப்படியே செய்கிற வாசகர் ஒருவராவது கிடைக்கமாட்டாரா என்று பதினைந்து வருடம் ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டார். சிரிப்பு வந்தது. நான் சொன்னதுதானே நடந்தது என்ற சந்தோஷம் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

மேலாளர் ஓடிவந்து, அந்தப் பதிவை எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டார்.

“அழிக்க முடியாதுன்றதுதான் சார் இதோட பெருமையே,” என்றார் பாடிக்காரர்.

முந்தையது பிழை என்று இன்னொரு பதிவு ஏற்றலாம், அவ்வளவுதான். ஏற்றினார்கள். வராத தக்காளி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, வாடாமல்.

கையேட்டில் முகவரியை மாற்றினார்கள். மேலாளர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். மதிப்பிடும் முறையையும் திருத்தினார்கள். இனி ஒன்றுக்கு இரண்டு ஏஐ மதிப்பெண் போடும். படிவத்தின் கடைசியில் எனக்கென்று ஒரு கட்டம்: ‘மனித வாசகர் கருத்து, ஏதும் இருந்தால்.’

ஏதும் இல்லாமல் போனதே இல்லை. கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.