மலை தெரியும் தூரம்

மெல்போர்னிலிருந்து சென்னைக்கு வானத்தில் நேர்க்கோடு போட்டால் எட்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எனக்கு வாய்த்தது சிங்கப்பூரில் இறங்கி ஏறும் பயணம். முதலில் ஏழே முக்கால் மணி நேரம், அப்புறம் நாலேகால். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குக் காரில் இன்னும் நூற்றுத் தொண்ணூறு. அத்தனையும் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குள் முடிந்தாக வேண்டும். காரணம், அம்மா.

அப்பா இறந்த துக்கத்தில் போன வருஷம் எங்கள் வீட்டில் விளக்கு இல்லை. இந்த வருஷம், "நீ வந்து வாசப்படி மிதிச்சாதான் ஏத்துவேன். அதுவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது" என்று போனில் சொல்லிவிட்டாள். சர்க்கரை வியாதிக்காரி வேறு. இந்தப் பிடிவாதத்தோடு அப்பா எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ!

நானும் விரதம். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதெல்லாம் தலையாட்டி மறுத்தேன். மேற்கே வர வர, கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். விரதமும் அவ்வளவு நீளுகிறது. இது என்ன அநியாயம்!

சிங்கப்பூரில் மூன்று மணி நேரத் தாமதம். அடுத்த விமானத்தில் கண் செருகியது. சன்னலுக்கு வெளியே ஒரு மேகம் அப்படியே நம் மலை. கை தானாகக் குவிந்தது.

"ஊர் வந்துடுச்சாங்க?" என்றார் பக்கத்து சீட்காரர்.

அந்தமானையே தாண்டவில்லை.

சென்னையில் பகல் ஒன்றரைக்கு வெளியே வந்தேன். காரோட்டி சேகர் கீழ்பென்னாத்தூர்க்காரர். திண்டிவனத்திலேயே நெரிசல். செஞ்சிக்கப்புறம் வண்டி ஊர்ந்தது. ஐந்தே முக்காலுக்கு, அவர் ஊர் எல்லையில் அடியோடு நின்றுவிட்டது.

"டவுனுக்குள்ள வண்டி வுட மாட்டாங்கக்கா. ஜனம் ஜாஸ்தி."

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"பதினெட்டு இருக்கும்."

கடல் தாண்டி வந்தவளுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தாண்ட வழியில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

"அழுவாதீங்கக்கா. எறங்கி மலையப் பாருங்க."

வேர்க்கடலை வயலுக்கு அப்பால், சிவந்த வானத்தில் மலை நின்றது. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் நான் இன்னும் பறந்துகொண்டிருப்பதாகவே தோன்றியது. சரியாக ஆறு மணிக்கு உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். சாலையில் நின்றவர்கள் எல்லாம் "அண்ணாமலைக்கு அரோகரா!" என்றார்கள். என் குரலும் அதில் இருந்தது.

போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க?"

"கீழ்பென்னாத்தூர்ல மாட்டிக்கிட்டேம்மா. வர ரொம்ப நேரமாவும். எனக்காகப் பட்டினி கெடக்காத, தாயே!"

"அத வுடு. அங்கருந்து தீபம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப வந்துட்டடி. இரு, ஏத்திடறேன்."

தீக்குச்சி உரசும் சத்தம் போனில் கேட்டது. கீழ்பென்னாத்தூர் வீடுகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சேகர் ஒரு பொரி உருண்டையை நீட்டினார். வயலோரத்தில் நின்றபடியே சாப்பிட்டேன்.