என் ஸ்டாண்டு கைப்பிடி அல்ல

கேமரா ஸ்டாண்டு வாங்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். என்ன கேமரா வைத்திருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "பொம்பளையாச்சே, லேசா ஒண்ணு வாங்கிக்கோ" என்பார்கள். இல்லாவிட்டால், "தூக்கறதுக்கு ஒரு ஆள வெச்சிக்கோ." அந்த ஆளுக்குக் கூலி யார் தருவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். வெகுநாளாகப் பெரிய கேமரா என் கணவரிடம், சின்னது என்னிடம். அவருடைய பழைய ஸ்டாண்டு ஆட்டுக்கல் கனம். இந்தப் பக்கத்து மண்டபங்களில் சாப்பாடு கீழே, மேடை மாடியில். ஸ்டாண்டோடு லிஃப்டில் ஏறப் போனால், "அது வர்றவங்களுக்கு, நீங்க படியில போங்க" என்று துரத்துவார்கள். படியேறி ஏறியே அவருக்கு முதுகில் டிஸ்க் நழுவியது. இனி கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடிட்டிங்கை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது, பெரிய கேமராவை நான் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

படப்பையில் ஒரு கல்யாணம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தோம். பெரிய கேமராவோடு நான் தனியாகப் போகும் முதல் கல்யாணம். தாலி கட்டுகிற இடத்தில் படம் ஆடிப்போனால் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு தடவை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாதே. அதனால் லென்ஸோடு சேர்ந்து கனக்கிற கேமராவை அசையாமல் தாங்குகிற ஸ்டாண்டு வேண்டும். அதை நான் ஒருத்தியே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் மாடிக்கும் ஏற்ற வேண்டும்.

சென்னையில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். முதுகு வலிக்கிறது என்று அவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் கேள்வி கேட்கிறேன், கவுண்டரில் இருந்தவர் பதிலை ஸ்டூலைப் பார்த்துச் சொல்கிறார்.

"சார், மேடத்துக்கு இது போதும் சார். வெயிட்டே இல்ல. கலரும் நல்லா கீது."

கலராம்.

"தூக்கறது அவங்க, எடுக்கறதும் அவங்க. அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லுங்க" என்றார் என் கணவர். அதற்கும் அந்த ஆள் அவரைப் பார்த்தே தலையாட்டினார்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோவை நம்ப நான் தயாராக இல்லை. என் கேமராவையே கொண்டுபோயிருந்தேன். கலர் நன்றாக இருந்த ஸ்டாண்டில் அதை மாட்டி, நடுத்தண்டை உயர்த்தி, ஸ்டாண்டின் காலைக் கைவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன். திரையில் படம் குளிர்க்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. இறுக்கிப் பூட்டிய பிறகும் கேமரா மெல்ல மெல்லத் தலைகுனிந்தது. அடுத்தது அசையவே இல்லை, ஆனால் மறுபடியும் ஆட்டுக்கல். மூன்றாவது கார்பன் ஃபைபரில் செய்தது, ஒரு கையில் தூக்கலாம். ஒவ்வொரு காலிலும் மடிப்புகள் குறைவு, நடுத்தண்டை உயர்த்தாமலே என் கண் மட்டத்துக்கு வந்தது. தட்டினேன், படம் உடனே நின்றது. கேமராவைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஊன்றி என் முழுப் பாரத்தையும் போட்டேன்.

"மேடம், ஒடஞ்சிடப் போவுது."

"ஒடையற ஸ்டாண்டா இருந்தா இங்கியே ஒடையட்டும்" என்றேன்.

வாசலில் அந்தக் கவுண்டர்காரருடைய ஸ்கூட்டர் நின்றது. கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, மடக்கிய ஸ்டாண்டைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பார்த்தேன். ஹேண்டிலில் இடிக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்த மனிதர், "பில்லு சார் பேர்ல போட்டுடவா?" என்றார். என் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

படப்பை மண்டபம் ரோட்டோரம். ஒரகடத்துக்குப் போகும் ஒவ்வொரு கண்டெய்னர் லாரிக்கும் மாடித் தரை ஒரு அதிர்வு அதிரும். மாப்பிள்ளை சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே லைனில் வேலை செய்யும் பையன்கள் நைட் ஷிஃப்ட் முடித்துக் கழுத்தில் ஐடி கார்டோடு நேராக வந்திருந்தார்கள். நான் ஸ்டாண்டை விரிக்கும்போதே மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார்.

"கேமராமேன் வர்லியாம்மா?"

"நான்தாங்க."

"அது இல்லம்மா, மெயின் கேமரா யாரு?"

"அதுவும் நான்தாங்க."

எனக்குப் பின்னால் யாராவது படியேறி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முகூர்த்த நேரத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து, போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நெருக்கியது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, கல்யாண மண்டபத்தில் அது வீடியோ எடுப்பவர்தான். பெரியப்பாவுக்கு மேடை தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் ஏறினார். ஏறுவதற்கு என் ஸ்டாண்டை, கேமராவுக்குக் கீழே, கெட்டியாகப் பிடித்தார். ஏறியும் விடவில்லை. அவர் பாரம் முழுக்க அதில் இறங்கியது. மேடையிலிருந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வந்தது.

அந்த நேரத்தில் யார் வாயிலிருந்தும் கெட்ட வார்த்தை காதில் விழக்கூடாது என்றுதான் அப்படிக் கொட்டுகிறார்கள். இத்தனை நாள் விழுங்கிவைத்திருந்தது அத்தனையும் எனக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. அருகில் நின்ற பெரியப்பாவுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நான் திட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, முடிச்சு, எல்லாம் ஃப்ரேமுக்குள் அப்படியே இருந்தன.

இறங்கியதும் அவர் தலையிலிருந்த அட்சதையைத் தட்டிக்கொண்டார். "ஸ்டாண்டு நல்லா ஸ்ட்ராங்கா கீதும்மா. வூட்டுக்காரர் பாத்து வாங்கினாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பந்திக்குப் போய்விட்டார்.

கேமரா மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்த என் கணவர் திடீரென்று நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். மேளத்துக்கு மேலே என் குரல் தெளிவாகக் கேட்டது.

"அது இன்னா உன் வூட்டு மாடிப்படி கைப்பிடியா? நான் பாத்து வாங்கினது, நான் தூக்கிக்கினு வந்தது. கைய எட்றா."

அவர் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார். "படம் துளிகூட ஆடல" என்றார் முதலில். என் குரலை எடுத்துவிட்டு வேறு மேளம் சேர்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பெரியப்பாவுக்கு மட்டும் ஒரிஜினல் சத்தத்தோட ஒரு காப்பி குடுத்துடலாமா?" என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. "குடுங்க" என்றேன்.