ஓர நாற்காலி அத்தை

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே கேமரா வாடகைக் கடையில் ஒரு மணி நேரமாக நிற்கிறேன். அஸ்தினாபுரத்தில் இன்று இளைய பேத்தியின் நிச்சயதார்த்தம். சின்ன ஹால், முப்பது பேரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும். மூத்தவளின் நிச்சயத்தில், அன்றைக்கு வடைகூடக் கல்லாக இருந்தது, நான் எடுத்த படத்தில் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை அண்டா மாதிரி விரிந்துவிட்டார். அந்தம்மா இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இந்த மாப்பிள்ளைக்கு மூன்று அத்தைகள்.

கடைக்காரம்மா இரண்டு ஜூம் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டிக் காட்டுகிறார். ஒன்றில் கடை முழுவதும் விழுகிறது, ஆனால் ஓரத்து ஆள் வீங்குகிறார். இன்னொன்றில் யாரும் வீங்கவில்லை, ஆனால் ஓரத்து ஆளே இல்லை.

"ரெண்டு வேலையும் செய்யற மாதிரி ஒண்ணு இல்லியாம்மா?"

"இருந்தா இத ஏன் சார் தூக்கிகினு நிக்கறேன்? ஓரத்துல உங்க வூட்டு ஆளுங்கள வெச்சிடுங்க."

எரிச்சலோடு அகலமான லென்ஸையே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, மனைவிக்குப் போன் போடுகிறேன். அவளும் அவள் தங்கையும் ஆளுக்கொரு ஓரம் உட்கார வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிறேன்.

"உக்கார்றோம். அந்தப் படத்த மட்டும் நம்ம வீட்டு ஹால்ல மாட்டிடாதீங்க."