ஒதுங்காத சைக்கிள்

பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டும் அந்த மனிதரை டிப்போவில் எல்லோரும் "துப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பறிகிறவர் என்பதன் சுருக்கம். தேநீர் கொஞ்சம் ஆறியிருந்தால்கூட, நமக்கு மட்டும் ஏன் ஆறியது, இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற ஆள். யாராவது சிரித்தபடி வணக்கம் சொல்லிவிட்டால் போதும், இவனுக்கு என்னிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார். "ஊரே உங்களைத் துப்புன்னு கூப்பிடுது. துப்புக்கெட்டவர்னு எனக்குத்தானே தெரியும்" என்பாள் மனைவி. அவள் சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

சைக்கிள்காரர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. "ஓரமா இவ்வளவு இடம் கிடக்கு. நம்மளை வெறுப்பேத்தத்தான் நடுரோட்டுல வர்றாங்க. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்புறாங்க" என்பார். யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால் ஒரு பார்வைதான் வரும். கேட்டவர் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனைக்கும் அவர் மனைவியே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு தினமும் சைக்கிளில்தான் போகிறாள். "நீ வேற. நீ உள்தெரு வழியா ஒழுங்கா போறவ" என்று அவளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்.

மோசமான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். அந்த ஓட்டுநர் இருக்கைதான் அவருக்கு எல்லாம். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் பாதிக்கு மேல் திரும்பாது. தினமும் காலையில் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அனுப்புவாள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம் சீறுவார்.

"டாக்டர் ஒரு வரி எழுதினா அது டிப்போவுக்குப் போகும். போனா என்னை வண்டியை விட்டு இறக்கி, பாஸ் குடுக்கற ஜன்னல்ல உக்கார வெச்சிடுவாங்க. உன்னை யாரு தூண்டி விடறது?"

அவள் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. டிப்போ மேனேஜர் பதினேழாம் நம்பர் ஓட்டுநர்கள் எல்லோரையும் வரச்சொல்லிப் படித்துக் காட்டினார். போன வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, கால்வாய்ப் பாலத்தில், ஒரு பஸ் சைக்கிளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. சைக்கிளில் வந்தவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து உயிர் பிழைத்தார். பஸ் நிற்கவே இல்லை.

"எழுதினவங்க பேர் போடலை. அதனால யாரையும் தனியா கேக்கப் போறதில்லை" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை எல்லாரும் பயிற்சிக்கு வந்துடுங்க."

வியாழக்கிழமை ஏழரை மணி என்றால் அது துப்பு வண்டி எடுக்கும் நடைதான். அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.  பாலத்தில் சைக்கிள் எதையும் பார்த்ததாக அவருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் பார்க்கவில்லை, ஆகவே அது நடக்கவில்லை, ஆகவே யாரோ என் இருக்கைக்குக் குறி வைக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க விசாரணை. காலை பஸ் நடையைத் தனக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சக ஓட்டுநர் மேல் முதல் சந்தேகம். கடிதம் வந்த அன்று பார்த்து அதிசயமாக அன்பாகப் பேசிய கண்டக்டர் மேல் அடுத்தது. பின்சீட்டில் உட்கார்ந்து தினமும் நோட்டில் எதையோ கிறுக்கும் மூக்குக்கண்ணாடிக்காரரை இறங்கும் இடத்தில் மடக்கி, நோட்டை வாங்கிப் பார்த்தார். குறுக்கெழுத்துப் போட்டி. பாவம், அந்த மனுஷன் மறுநாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவர் மேலும் உள்ள ஆதாரத்தை மனைவியிடம் அடுக்குவார். அவள் ஒத்தடம் கொடுத்தபடி கேட்டுக்கொள்வாள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாள். சலவைக்கூடத்துக் கதவு இடித்துவிட்டதாம். "பாத்துப் போகக் கூடாதா?" என்று அதட்டிவிட்டு மறுபடியும் கண்டக்டர் கதைக்குத் தாவினார்.

சனிக்கிழமை டிப்போ மதில் ஓரம் ஏழு சைக்கிள்களை ஸ்டாண்டு போட்டு அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர்கள் ஆளுக்கொன்றில் ஏறி உட்கார வேண்டும், பயிற்சியாளர் பஸ்ஸை அவர்களை ஒட்டி ஓட்டிப்போவார். துப்பு ஸ்டாண்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்த பிறகே ஏறினார். என் கழுத்துப் பிடிப்பைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நாடகம் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

பின்னால் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முயன்றார், கழுத்து பாதியில் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. பஸ் ஒரு முழம் தள்ளிக் கடந்தபோது அடித்த காற்றில் சைக்கிள் ஒரு பக்கம் இழுபட, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அந்தப் பஸ் கடந்து முடிய அவ்வளவு நேரம் ஆகும் என்று இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை. பயந்துபோனார். வெட்கமாகவும் இருந்தது.

"இது அரை மீட்டர்" என்றார் பயிற்சியாளர் இறங்கி வந்து. "ஒன்றரை மீட்டராவது விடணும். இடமில்லைன்னா பின்னாலேயே பொறுமையா வரணும். ஓரத்துல சாக்கடை மூடியும் பள்ளமும் கிடக்கும், அதான் அவங்க நடுவுல வர்றாங்க. உங்க மேல எந்தக் கோபமும் கிடையாது."

எல்லோரும் கலைந்த பிறகு மேனேஜர் துப்புவைத் தனியே அழைத்து, டைப் அடித்த அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "கடைசி நாலு வரியை அன்னிக்கு நான் படிக்கலை. நீங்களே பாருங்க."

"ஓட்டுநரைத் திட்ட வேண்டாம். அவருக்குக் கழுத்து இடது பக்கம் திரும்புவதில்லை. காலையில் கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம் ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது. தயவுசெய்து டாக்டரிடம் அனுப்புங்கள்."

அவர் பட்டியலில் யார் யாரோ இருந்தார்கள். இவள் இல்லை.

"நீங்களே டாக்டர்கிட்ட போறீங்களா, நான் அனுப்பட்டுமா?" என்று மேனேஜர் கேட்டது காதில் விழுந்தது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அவள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"உள்தெருவுல குழாய் போடப் பள்ளம் தோண்டிட்டாங்க. ரெண்டு வாரமா பாலம் வழியாத்தான் போறேன்."

"என்கிட்டயே சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்கு சாயங்காலமே டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன். யாரு தூண்டி விட்டதுன்னு கேட்டீங்க."

 அப்போதும் பழைய குணம் அவரை விடவில்லை.

"பஸ் வர்ற சத்தம் கேட்டிருக்குமே. இறங்கி ஒதுங்கி நின்னிருக்கலாம்ல? ஏன் நிக்கலை?"

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"வேற எந்த பஸ்ஸா இருந்தாலும் இறங்கியிருப்பேங்க. திரும்பிப் பாத்தேன், நீங்க ஓட்டிட்டு வந்தீங்க. நீங்கதானேன்னு இறங்கலை."

அவர் துணிகளுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை பதினேழாம் நம்பருக்கு வேறு ஆள் போடச் சொன்னார்.